தன் சொல்லைத் திருப்பிக் கேட்ட நடனக்காரி

புதுச்சேரி நூலகத்தில் என்னோடு வேலை பார்த்த அருளப்பன் சொன்ன கதை இது. இருபது வருடமாக இதை நான் முழுதாக நம்பியதில்லை. நம்பாமல் விட்டுவிடவும் முடியவில்லை.

மன்னராட்சிக் காலத்துப் பாரிஸ். அரசரின் நாடக அரங்குப் பெயரேட்டில் ஒரு பெண்ணின் பெயர் ஏறிவிட்டால், தகப்பனுக்கு அவள்மேல் உரிமை கிடையாது. பெயரை அடித்துவிட்டால் மறுபடியும் அவன் கைக்குத்தான் போகவேண்டும். தோல் பதனிடும் லவாலின் மகள் பெரின், பதினாறு வயதில் அந்த ஏட்டுக்குள் தப்பி வந்தவள். பத்து வருடம் கழிந்தும் அவன் மனம் ஆறவில்லை. அரங்கின் வாசலுக்கே வந்து, "மேடை ஏறி மானத்தை வாங்கினவளே, ஏட்டில் உன் பேர் இருக்கிற வரைக்கும்தான். அப்புறம் கன்னிமாடத்தில் போட்டுப் பூட்டிவிடுவேன்" என்று கத்திவிட்டுப் போனான்.

பெரினின் ஆட்டத்தைவிடப் பேச்சுக்கு மவுசு அதிகம். தோர்வில் பிரபு வாரந்தோறும் அவளை விருந்துக்கு அழைப்பார். அங்கே அவள் சொன்னது, மறுநாள் வேறு வீடுகளில் அவருடைய சொந்தச் சொல்லாகவே அவர் வாயிலிருந்து வரும். பெரினுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த வருடம் மூன்று கோட்டைகளைப் பறிகொடுத்துவிட்டு வந்த தளபதிக்கு அரசர் பதக்கம் அணிவித்தார். பெரின் சொன்னாள்: "புன்னகை கலையாமல் பின்னோக்கி அடிவைக்க எனக்குப் பத்து வருடம் பிடித்தது. தளபதி ஒரே போரில் கற்றுக்கொண்டுவிட்டார்." நகரமே சிரித்தது. தளபதி சிரிக்கவில்லை.

அடுத்த விருந்தின் நடுவே காவல் அதிகாரி உள்ளே வந்தார். "இதைச் சொன்னது யார்?"

விசாரணை வரப்போகிறது என்பது பிரபுவின் காதுக்கு முன்னமே எட்டியிருந்தது. சொன்னது ஒரு பிரபு என்றால் மூன்று மாதம் தன் பண்ணைக்குப் போயிருக்கச் சொல்வார்கள். நடனக்காரி என்றால் பெயரை அடிப்பார்கள். இதை அவர் பெரினின் தோழி குரேனிடம் மட்டும் சொல்லியிருந்தார். பெரினிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

"நான்தான்" என்றார் பிரபு.

"ஆமாம் ஐயா, அவர் சொன்னதை நானும் கேட்டேன்" என்றாள் குரேன். மேசைக்கு அடியில் பெரினின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

விருந்தினர் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த கிழவர் பெரினின் தோளைத் தட்டினார். "கேட்டாயா பெண்ணே? பேச்சு என்றால் இது. நீ காலைப் பார்த்துக்கொள், போதும்."

பெயர் போனால் எங்கே போகவேண்டியிருக்கும் என்பது பெரினுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கையை உதறி எழுந்தாள்.

"அது என்னுடையது."

"சும்மா இருடி!" என்றாள் குரேன், பல்லிடுக்கில்.

"பத்து வருடமாகச் சும்மா இருந்தாயிற்று. அதிகாரி ஐயா, இந்தப் பிரபுவைப் பின்னோக்கி ஒரே ஒரு அடி வைக்கச் சொல்லுங்கள். சூப்புக் கிண்ணத்தில் உட்காருவார்."

அதிகாரியே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அவள் பெயரை எழுதிக்கொண்டார். அந்த வாரமே ஏட்டில் அவள் பெயர் அடிக்கப்பட்டது. லவால் வண்டியோடு வந்தான். கன்னிமாடத்தின் கதவு மூடிய பிறகு பாரிஸில் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

பிறர் சொல்லைத் தனதென்று சொல்லி அவளைக் காக்கப் பார்த்தார் பிரபு. தோழிக்காகப் பொய்ச்சாட்சி சொன்னாள் குரேன். உண்மையைச் சொல்லித் தன்னையே இழந்தாள் பெரின். மூவரில் சரியாக நடந்துகொண்டவர் யார்?

அருளப்பனின் விடை: "குரேன்தான். பிரபுவின் பொய்க்குக் கைதட்டல் கிடைத்தது, பெரினின் உண்மைக்குச் சிரிப்புக் கிடைத்தது. குரேனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. சிநேகிதி பிழைத்தால் போதும் என்று பேசினாள். அந்தப் பெண் மட்டும் கோபத்தை அடக்கியிருந்தால் கடைசிவரை ஆடியிருப்பாள்."

இருபது வருடம் இதற்குத் தலையாட்டினேன். போன மாதம்தான் அவரிடம் கேட்டேன்: "அவள் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால், இதை நீங்கள் எனக்கு யாருடைய கதை என்று சொல்லியிருப்பீர்கள், அருளப்பன்?"