மைதானத்துப் பலகை

குழித்துறைப் பக்கம் ஒரு கல்லூரி. அதன் ஃபுட்பால் டீம் தோற்றால் போதும், தாளாளர் தங்கையா கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மைதானத்துப் பலகையில் தாளாளர் பெயருக்குக் கீழே கோச் பெயரை அழித்து அழித்து எழுதி, பெயின்டர் பனிதாசனுக்குக் கையே சலித்துவிட்டது.

அன்றும் தோல்வி.

"கோச்சுக்கு ஒரு சீசனே அதிகம்டே. புதுப் பேரை எழுது. இந்தத் தடவை டீம் ஜெயிக்கிற மாதிரி எழுதணும். இல்லேன்னா இனி உனக்கு இங்க வேலை கிடையாது" என்றார் தாளாளர்.

"ஜெயிக்கிற மாதிரிதானே ஐயா? எழுதிருவோம்."

பனிதாசன் ஏணியில் ஏறினான். கோச் பெயரைத் தொடவில்லை. மேலே இருந்த தாளாளர் பெயர்மீது வெள்ளைப் பெயின்டை இழுத்தான்.

"லேய், என்னடே செய்யுத?"

"கீழ உள்ள பேரை எத்தனையோ தடவை மாத்தியாச்சு ஐயா, ஜெயிக்கல்ல. இன்னும் மாத்திப் பாக்காத பேரு இது ஒண்ணுதான்."