வீடு தெரிந்த பசு

மானியப் பசு கிடைத்துவிட்டது என்று பூவாயியிடம் முன்பே கைநாட்டு வாங்கியிருந்தார் ஆபீசர் தணிகாசலம். பசுதான் வரவில்லை. கலெக்டர் பார்வையிட வந்த அன்று, அடுத்த தெருவிலிருந்த தன் பசுவையே அவள் வாசலில் கட்டினார்.

"உன் மாடுன்னு சொல்லணும். மாத்திச் சொன்னே, விதவைப் பென்ஷனும் போயிடும்."

கலெக்டர் கேட்டார். "உங்க மாடாம்மா?"

"என் மாடுதாங்கய்யா. கெட்டிக்கார மாடு. அவிழ்த்துவிட்டா நேரா வீட்டுக்குப் போயிடும், பாருங்க."

அவிழ்த்துவிட்டாள். பசு அடுத்த தெருவுக்கு நடந்து, தணிகாசலத்தின் தொழுவத்தில் நுழைந்து, தொட்டியில் வாய் வைத்தது.

தணிகாசலம் சஸ்பெண்ட் ஆனார். பூவாயி மறுபடி மனு கொடுத்தாள். புது ஆபீசர் பழைய கைநாட்டைக் காட்டினார்.

"ஒருத்தருக்கு ஒரு மாடுதாம்மா. நீங்கதான் வாங்கிட்டீங்களே."