இரண்டு விண்மீன்களும் ஒரு கழித்தல் குறியும்

பொருநைக் கரையில் இருந்த ஒரு சிறு கல்லூரியில் ஆவுடைநாயகம் என்னும் பேராசிரியர் பணியாற்றிவந்தார். உள்ளூரில் அவர் கணக்கு வாத்தியார். கடலுக்கு அப்பாலோ, சார்பியல் என்னும் புதுக் கொள்கை தவழ்ந்த பருவத்திலேயே அதைத் தூக்கி வளர்த்த சிலருள் ஒருவர் என்று அவர் பெயர் விளங்கிற்று.

தூத்துக்குடி உப்பளத்துக் கணக்கர் ஒருவரின் மகன் அவர். அந்தக் கொள்கையை அது பிறந்த மொழியிலேயே படிக்கவேண்டும் என்ற வேட்கையால், ஒரு பாதிரியாரிடம் பழைய இலக்கணப் புத்தகம் இரவல் வாங்கி ஜெர்மன் மொழியைத் தாமே கற்றார். உதவித்தொகை பெற்றுக் கப்பலேறினார். திரும்பி வந்தபோது பெருநகரங்கள் பெரிய பதவிகளைக் காட்டி அழைத்தன. "குளிக்க ஆறு உண்டா?" என்று கேட்டாராம். குழாய் உண்டு என்றார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அவர் முப்பத்தொரு கட்டுரைகள் எழுதினார். முப்பதை உலகம் மறந்துபோயிற்று. ஒன்றை மட்டும் மறக்கவில்லை.

ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு கனத்த விண்மீன்களைப் பற்றியது அது. குளத்து நீரில் கையை அளைந்தால் அலை எழுகிறது. அப்படியே, விண்மீன்கள் சுற்றும்போது விண்வெளியிலும் அலை எழுமா? எழுந்தால் அந்த அலை அவற்றின் ஆற்றலை மெல்ல மெல்லக் கொண்டுபோய்விடும். சுற்று சுருங்கும். என்றோ ஒரு நாள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஆவுடைநாயகம் ஏழாண்டு உழைத்து, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் கணக்கிட்டு, அவ்வாறு நிகழாது என்று காட்டினார். எழும் அலைகள் இரண்டு. அவை ஒன்றையொன்று அழித்துவிடும். விண்மீன்கள் என்றென்றும் அதே இடைவெளியில் சுற்றும். அறிஞர்கள் அதற்கு ஆவுடைநாயகம் முடிவு என்றே பெயரிட்டார்கள்.

அவர் மனைவி சங்கரவடிவு அம்மாளுக்கு இதைத் தமிழில் விளக்கிச் சொன்னபோது அவள் கேட்டாள்:

"கிட்டயும் வராது, எட்டயும் போகாது. சும்மா சுத்திக்கிட்டே கெடக்கும். இதைக் கண்டுபிடிக்கவா ஏழு வருஷம்? நம்ம வீட்டைப் பார்த்திருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்குமே."

ஆவுடைநாயகம் அதைத் தம் நண்பர்களுக்கெல்லாம் எழுதினார்.

அவருக்கு மாணாக்கர் பலர். பதினாறு ஆண்டுகளாக விடாமல் வந்துகொண்டிருந்தவள் ஞானப்பூ ஒருத்திதான். பாளையங்கோட்டைப் பெண்கள் கல்லூரியில் அவள் கணிதம் கற்பித்தாள். வயது நாற்பத்திரண்டு. ஞாயிறுதோறும் தேவாலய ஆராதனை முடிந்ததும், வெள்ளைச் சேலை கசங்காமல், நேரே ஆசிரியர் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

வரும் சித்திரையில் ஆசிரியருக்கு அறுபது நிறைய இருந்தது. மாணாக்கர்கள் கூடி ஒரு மணிமலர் வெளியிடத் தீர்மானித்தார்கள். முதல் கட்டுரை ஞானப்பூவினுடையது. ஆவுடைநாயகம் முடிவை நாற்பதே பக்கத்தில் புதுவழியில் நிறுவிக் காட்டுவதாக அவள் ஏற்றுக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் தொடங்கினாள். மார்கழியில் அவள் கை நின்றுபோயிற்று.

முடிவு வரவில்லை. நான்கு முறை போட்டாள். நான்கு முறையும் அலைகள் அழியவில்லை. இரண்டும் சேர்ந்து பெருகின. தன் கணக்கில் பிழை தேடி ஒன்றும் அகப்படாமல், கடைசியில் ஆசிரியரின் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையெழுத்துப் பிரதியை இரவல் வாங்கிவந்து வரிவரியாக ஒப்பிட்டாள். நூற்றுப் பதினேழாம் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு கூட்டல் குறி இருந்தது. தாளைப் புரட்டினாள். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் முதல் வரியில் அதே குறி கழித்தலாகி இருந்தது.

தாள் புரட்டிய நொடியில் நேர்ந்த பிழை. அதன்மேல்தான் ஒரு மனிதரின் பெயர் இருபத்திரண்டு ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது.

மூன்று மாதம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பங்குனி பிறந்ததும் கட்டுரையைச் செம்மையாகப் படி எடுத்தாள். இருபத்தாறாம் பக்கம் வந்தபோது, கூட்டல் வரவேண்டிய இடத்தில் ஒரு கழித்தல் குறி இட்டாள். அலைகள் அழிந்தன. முடிவு வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அச்சகத்து ஆள் வரவேண்டும் என்ற நிலையில், அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை ஆசிரியரிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வாம்மா. முகம் என்ன இப்படி வாடிக் கெடக்கு? பாதிரியார் பிரசங்கம் நீளமோ?"

"இல்லைங்கய்யா."

"அப்போ குட்டையோ? அதுக்கும் வருத்தப்படுற ஆளாச்சே நீ."

அவள் சிரிக்கவில்லை. ஆவுடைநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்பதாம் பக்கத்தை மேலே எடுத்து வைத்தார்.

கணக்கைச் சரிபார்க்க அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கடைசி வரியில் தொடங்கி முதல் வரிக்குப் போவார். மேலிருந்து படித்தால், எழுதினவனின் ஆசை நம்மையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது அவர் கருத்து. ஞானப்பூ இதை அறியாதவள் அல்லள். ஆனாலும், அறுபது வயதுக் கண் ஒரு சின்னக் குறியையா காணப்போகிறது என்று வழியெல்லாம் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

நாற்பது. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு. கடிகாரம் ஒரு முறை அடித்தது. சங்கரவடிவு அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"குடி பிள்ளே. இவுக படிச்சு முடிக்கங்குள்ள இது ஆறிப்போய் ஐஸ் ஆயிரும்."

"இருக்கட்டும்மா."

"என்ன இருக்கட்டும்? ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கமாட்டியே நீ. காய்ச்சலா?"

இருபத்தேழு. இருபத்தாறு. ஆவுடைநாயகத்தின் விரல் நின்றது.

வெகுநேரம் அது அங்கேயே இருந்தது. பிறகு அவர் தாளைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஞானப்பூ, இது யாரு கை?"

"என் கைதாங்கய்யா."

"கை உன்னுது. குறி யாருது?"

அவள் பார்வை ஆறிக்கொண்டிருந்த காபிமேல் போயிற்று.

"நாற்பது பக்கத்துல அறுநூறு குறி போட்டிருக்கே. எல்லாம் ஒரே அழுத்தம். இந்த ஒண்ணுல மட்டும் பேனா ரெண்டு தரம் போயிருக்கு. தாளுக்குப் பின்பக்கம்கூடத் தெரியுது. உனக்கு நிச்சயமா இருந்தா இப்படி அழுத்தியிருக்கமாட்டே."

"ஐயா..."

"என்ன வரணும் இங்கே?"

"கூட்டல்."

"எப்பத் தெரியும்?"

"மார்கழியில."

"என் கணக்குல எங்கே?"

"நூற்றுப் பதினேழாம் பக்கம் திருப்பும்போது."

ஆவுடைநாயகம் எழுந்து அலமாரியைத் திறந்தார். பழுத்துப்போன தம் கையெழுத்துப் பிரதியை எடுத்து, அந்த இடத்தைப் பார்த்தார். தாளை முன்னும் பின்னுமாக இரண்டு முறை திருப்பினார்.

"அட!" என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஞானப்பூவின் கண்கள் நிரம்பிவிட்டன. இருபத்திரண்டு ஆண்டு இடிந்து விழும் ஓசை பெரிதாக இருக்கும் என்று அவள் எண்ணியிருந்தாள்.

வாசற்படியில் நின்றிருந்த சங்கரவடிவு அம்மாள் கேட்டாள்:

"என்ன ஆச்சு? பிள்ளை ஏன் அழுதா?"

"ஒண்ணுமில்லே. அந்த ரெண்டு விண்மீனும் அப்படியே சுத்திக்கிட்டே இருக்கும்னு சொன்னேன்லா? அது தப்பாம். சுத்தச் சுத்தக் கிட்ட வருமாம்."

"நெசமாவா?"

"ஒரு சுத்துக்கு ஒரு மயிரிழைகூட இருக்காது. ஒண்ணா சேர்றதுக்குப் பல கோடி வருஷம் ஆகும்."

"ஆகட்டுமே. இப்ப யாருக்கு அவசரம்?" என்று சொல்லி, ஆறின காபியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

ஞானப்பூ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த கேள்வியைக் கேட்டாள்.

"ஐயா, குருவோட பேரை அழிக்கிற உண்மை ஒண்ணு சிஷ்யை கையில கிடைச்சா, அவ அதை என்ன செய்யணும்?"

ஆவுடைநாயகம் பிரதியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான் கப்பலேறிப் போனப்போ, பிரிட்சர்டுன்னு ஒரு கிழவர்கிட்டப் படிச்சேன். தங்கமான மனுஷர். குளிர் தாங்காம நான் நடுங்குறதைப் பார்த்துட்டுத் தன்னோட கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். அவருக்கு ஈதர்மேல நம்பிக்கை."

"ஒளி மிதந்து வர்றதுக்கு வெளியெல்லாம் நிரம்பியிருக்குன்னு சொன்னாங்களே, அதுவா?"

"அதேதான். அப்படி ஒண்ணு இருந்தா, பூமி ஓடுற வேகத்துக்கு அது நம்மமேல காத்தா வீசணும் இல்லையா? அந்தக் காத்தைப் பிடிக்கத்தான் அவர் இருபது வருஷமா உழைச்சார். ஒரு நிலவறைக்குள்ள பெரிய கல்லைப் பாதரசத்துல மிதக்கவிட்டு, அதுக்குமேல ஒளியை ஓடவிட்டு, ஒரு கோடு நகருதான்னு பார்க்கணும். மத்தவங்க எல்லாருக்கும் நகரல. இவருக்கு மட்டும் மயிரிழை நகர்ந்துது."

"எப்படி?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். நான் தனியாப் போய், கதவுக்கு வெளியே நின்னு தூரக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். கோடு அசையல. மறுநாள் அவர் வந்தார். கல்லுக்குத் தெக்கே, வழக்கமா நிக்கிற இடத்துல நின்னார். கோடு நகர்ந்துது."

ஞானப்பூ சற்று யோசித்தாள். "அவர் உடம்புச் சூடு!"

"ஆமா. அவர் நின்ன பக்கம் காத்து சூடாயிருக்கு. இருபது வருஷமா அந்த மனுஷர் அளந்தது அவரோட சூட்டைத்தான்."

"சொன்னீங்களா?"

"கோட்டு கொடுத்தவர்கிட்ட எப்படிச் சொல்றது? அவர் சந்தோஷமா இருக்கட்டும்னு விட்டுட்டேன். மரியாதைன்னு நினைச்சேன். இன்னும் சொல்லப்போனா, அன்பு அதிகம்னு என்மேல எனக்கே ஒரு பெருமை. கப்பலேறி ஊருக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் மூணு குளிர்காலம் அவர் அந்த நிலவறையிலயே நின்னார். முழங்கால் போச்சு. நெஞ்சுல கபம் கட்டிச்சு. தேடினது ஈதர்க் காத்து, கிடைச்சது சளி. நாலாவது குளிர்காலத்துக்கு அவர் இல்லே."

"அவருக்குக் கடைசிவரைக்கும் யாருமே சொல்லலையா?"

"செத்தப்புறம் எல்லாரும் சொன்னாங்க. பத்திரிகையில எழுதினாங்க. அவருக்கு மட்டும்தான் தெரியாது."

ஆற்றுக்குப் போகும் பெண்களின் குரல் தெருவில் கேட்டுத் தேய்ந்தது.

"ஐயா, அது வேற" என்றாள் ஞானப்பூ. "இது உங்க அறுபதாம் ஆண்டு மலர். உங்களுக்கு மாலை போடக் கூப்பிட்டுட்டு, அந்த மேடையிலயே உங்க முடிவு தப்புன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நாளைக்குக் காலையில ஆள் வந்துருவான். நான் கட்டுரையே தரலைன்னு சொல்லிடுறேன். உடம்பு சரியில்லைன்னு சொன்னாப் போதும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கு. ஏழு வருஷம் போட்ட கணக்கு. இல்லைன்னு சொன்னாப் பொய். மார்கழியில நீ சொல்லியிருந்தா இந்த வருத்தத்துல பாதியை இந்நேரம் பட்டு முடிச்சிருப்பேன்."

ஞானப்பூ தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆவுடைநாயகம் எழுந்தார். இருபத்தாறாம் பக்கத்தைத் தனியே எடுத்து நான்காக மடித்துத் தம் சட்டைப்பைக்குள் வைத்தார். சுவரில் மாட்டியிருந்த கரும்பலகைக்குப் போய், அதில் தாம் எழுதிவைத்திருந்ததையெல்லாம் துணியால் துடைத்தார். மூலைமுடுக்கும் விடாமல் துடைத்தார். ஒரு புது சாக்பீஸை எடுத்து ஞானப்பூவின் உள்ளங்கையில் வைத்தார்.

பிறகு, பதினாறு ஆண்டுகளாக அவள் உட்கார்ந்துவந்த பெஞ்சில் போய், அவள் இடத்தில், முழங்கால்மேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பென்சிலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டார்.

ஞானப்பூ கரும்பலகையின் முன்னே நின்றாள்.

"எங்கேயிருந்து தொடங்கட்டும், ஐயா?"

"முதல் வரியிலிருந்து" என்றார் ஆவுடைநாயகம். "மெதுவாச் சொல்லுங்கம்மா. இந்த இடத்துல நான் ஏற்கெனவே ஒரு தடவை சறுக்கியிருக்கேன்."