நடு ஏரியில் ஒரு சிவப்புப் புள்ளி

இந்தக் கதையைக் கேட்பவர் மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முந்நூறு, நானூற்றுப் பன்னிரண்டு, நூற்றுத் தொண்ணூறு. முதலாவது விதி. இரண்டாவது கணினி சொன்னது. மூன்றாவது டேப் பிடித்து அளந்தது.

சித்தேரிப்பாடி ஒரு சின்ன ஏரியை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு கிடக்கிற ஊர். கிழக்குத் தெருவுக்கு முன்னால் ஏரி, பின்னால் கல்குவாரி. அந்தத் தெருவில்தான் அஞ்சலாட்சியின் வீடு. வெடி வைத்து வைத்து அவள் சமையலறைச் சுவரில் விழுந்த விரிசலில் இப்போது கையை நுழைக்கலாம். வெடி நிற்கிறவரை இந்த வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்று, பிறந்து இருபது நாளான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருமகள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பேத்தியின் முகத்தை அஞ்சலாட்சி இன்னும் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

வீடுகளிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் வெடி வைக்க உரிமம் கிடையாது என்பது விதி. அதைச் சொல்லி மனு போட்டாள். குவாரிக்கும் குடியிருப்புக்கும் இடையே 412 மீட்டர் இருக்கிறது, மனு நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அடியில் பச்சை மையில் அதிகாரியின் கையெழுத்து. குவாரியில் ஒருவன் பீடி பற்றவைத்தால் இவள் பின்வாசலில் நின்று பார்க்கலாம். அப்படியிருக்க, நானூற்றுப் பன்னிரண்டாம். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்கள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி தியாகராஜன் நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை.

"எங்கிருந்து எதுவரைக்கும் அளந்தீங்க? அதை எனக்குக் காட்டுங்க."

வரைபடப் பிரிவில் இருக்கும் கஸ்தூரி கணினியில் ஊரைத் திறந்து காட்டினாள். குவாரியின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அங்கிருந்து ஒரு கோடு கிளம்பி, குவாரியைத் தாண்டி, அஞ்சலாட்சியின் வீட்டு மேலேயே ஏறிப் போய், ஏரித் தண்ணீருக்கு நடுவில் இன்னொரு சிவப்புப் புள்ளியில் நின்றது.

"இங்க யாரு குடியிருக்கறா?"

கஸ்தூரி படத்தைப் பெரிதாக்கினாள். புள்ளியைச் சுற்றித் தண்ணீர்தான் தெரிந்தது.

"சொல்லும்மா. கெண்டை மீனுக்கா பட்டா குடுத்துக்கீறீங்க? நான் கீறது கரையில."

அப்புறம் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள்.

தூரம் கணக்கிடும் ஸ்கிரிப்டை, அந்தச் சின்னக் கணினி நிரலை, எழுதியவன் அதே பிரிவில் இருக்கும் யுவராஜ். பள்ளிக்கூடத்துக்கும் அடிபம்புக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. எதைக் கொடுத்தாலும் அதன் நடுப்புள்ளியை எடுத்து, அங்கிருந்து நேர்கோட்டில் அளக்கும். வரைபடத்தில் பள்ளிக்கூடமும் அடிபம்பும் வெறும் புள்ளிகள் என்பதால் அதில் வம்பில்லை. 'புள்ளிகளுக்கு மட்டும். ஊர், குவாரி போன்ற பரப்புகளுக்கு ஓட்டக்கூடாது' என்று ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே எழுதி வைத்திருந்தான். அதைத் திறந்து காட்டிவிட்டு, தன் வேலை முடிந்தது என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டான்.

அந்த வரியைப் படிக்காமல் ஓட்டியவள் கஸ்தூரி. அறுபத்திரண்டு குவாரிகளையும் ஒரே நாளில் முடிக்கச் சொன்னார்கள், பட்டியலைக் கொடுத்து ஒரு பொத்தானை அமுக்கினேன், வந்த எண்ணை எழுதினேன் என்றாள். வளைந்து கிடக்கிற ஊருக்கு நடுப்புள்ளி ஊருக்கு வெளியே போய் விழும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது ஆள் சர்வேயர் ஏழுமலை. அவள் மனு போட்ட பிறகு நேரில் வந்து டேப் பிடித்தவர். குவாரியின் விளிம்பில் ஒரு முனையை வைத்து, மறுமுனையை அஞ்சலாட்சியின் வீட்டுச் சுவரில் அவளே பிடித்துக்கொள்ளச் சொல்லி அளந்தவர். அவள் கொடுத்த மோரையும் குடித்தவர். கோப்பைத் திறந்தார்கள். அவர் கையெழுத்தில் 190 இருந்தது. அது ஒரு கோட்டால் அடிக்கப்பட்டு, மேலே அதே கையெழுத்தில் 412 ஏறியிருந்தது. அந்தத் தாளோடு ஒரு துண்டுச்சீட்டு குத்தியிருந்தது. 'கணினி அளவோடு ஒத்துப்போகவில்லை. சரிசெய்து அனுப்புக.' கீழே பெயரில்லை. பச்சை மையில் அந்த ஒரு வரி மட்டும்.

"ரெண்டு தடவை திரும்பி வந்துதும்மா" என்றார் ஏழுமலை, தரையைப் பார்த்துக்கொண்டு.

அஞ்சலாட்சி அந்தத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எங்க வூட்டு மோரைக் குடிச்சிட்டு, அந்தக் கையாலயே அடிச்சியா?"

தியாகராஜன் தொண்டையைச் செருமினார். "கோபப்படாதீங்கம்மா. தப்பு நடந்திருக்கு, ஒத்துக்கறேன். ஒரு கோப்புக்கு ஒரு மெமோ, அதுதான் இங்க வழக்கம். மூணு பேரும் எதிர்ல நிக்கறாங்க. யார் பேருக்குக் கொடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

எங்கே ஓட்டக்கூடாது என்று எழுதியும், எங்கே ஓட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதவன் ஒருவன். படிக்காமல் ஓட்டியவள் ஒருத்தி. உண்மையைத் தன் கையால் அளந்து, தன் கையாலேயே அடித்தவர் ஒருவர். கேட்டவரே, நீங்கள் அஞ்சலாட்சியாக இருந்தால் அந்த மெமோ யார் பெயருக்குப் போக வேண்டும் என்பீர்கள்?

விடை: ஏழுமலை என்று சொன்னவர்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். அஞ்சலாட்சியின் வாய்வரை வந்ததும் அந்தப் பெயர்தான். ஆனால் தன் மனுவுக்கு வந்த பதிலை இடுப்பிலிருந்து எடுத்து, அந்தத் துண்டுச்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே பச்சை. அந்த அலுவலகத்தில் பச்சை மையில் எழுதும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எதிரில் நிற்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கு மெமோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற மூவரின் தப்பும் தப்புதான். ஆனாலும் சரியான அளவு அவர் மேசைக்கு இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் அவர்தான் அதைத் திருப்பி அனுப்பினார். பச்சைப் பேனா குத்தியிருந்த அவர் சட்டைப்பையை அஞ்சலாட்சி காட்டினாள். "உங்க பேரை எழுதுங்க. அதுக்கு முன்னாடி அந்த நானூத்திப் பன்னெண்டை அடிச்சிட்டு நூத்தித் தொண்ணூறுன்னு எழுதுங்க. அதே பேனாவால."

அவர் எழுதி முடிக்கிறவரை அவள் உட்காரவில்லை.