கொள்ளுமேட்டூர் ஏரியைப் படம் பிடித்தது

கொள்ளுமேட்டூர் புகைப்படக் கழகத்தில் கேமரா ஒன்று, ஆள் மூன்று. மூவருமே நிர்வாகிகள்.

தலைவர் செங்கோடனுக்குப் போன வருஷத்திலிருந்து சரியாகச் சோறு இறங்கவில்லை. 'அழகிய ஏரி' போட்டியில் பக்கத்து ஊர்க்காரன் எருமை குளிக்கிற குட்டையைப் படம் பிடித்துப் பரிசு வாங்கிவிட்டான். இந்தத் தடவை விதிமுறைத் தாளில் ஓர் எழுத்தைக்கூட மீறுவதில்லை என்று சபதம் போட்டு, செயலாளர் மருதப்பனோடும் துணைத்தலைவர் ஆபத்சகாயத்தோடும் விடிந்ததுமே கரைக்குப் போனார்.

ஏரி அன்று கொள்ளை அழகு. கேமராவில் கண்ணை வைத்த செங்கோடன் பதறிப்போனார்.

"ஐயோ, தண்ணிக்குள்ள பனைமரமெல்லாம் தலைகீழா நிக்குதேய்யா!"

கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தார். தண்ணீர் மரம் நிமிர்ந்தது. கரை மரம் கவிழ்ந்தது.

"இதுல நம்ம ஊரு மரம் எது?" என்றார் ஆபத்சகாயம்.

"கரையில இருக்கறது."

"அப்ப உள்ள இருக்கறது மீனுங்களோடது. அது எப்படி நின்னா நமக்கென்ன?"

பிரச்சினை தீர்ந்தது. மருதப்பன் தாளைப் படித்தார்: "நீர்ப்பரப்பு அசைவின்றி இருத்தல் வேண்டும்."

காற்றில் ஏரி நெளிந்துகொண்டிருந்தது. மருதப்பனும் ஆபத்சகாயமும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, தண்ணீரை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார்கள். அமுக்க அமுக்க அலை பெருத்தது.

"தலைவரே, அசையறது ஏரியா, தண்ணியா?" என்றார் ஆபத்சகாயம்.

"தண்ணிதான்."

"அப்ப ஏரி மேல தப்பில்ல. தண்ணியத்தான் வெளியேத்தணும்."

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு மூளை நம் கழகத்திலா!

மதகைத் திறந்தார்கள். மத்தியானத்துக்குள் ஏரி காலி. சேறு, அதில் நாலைந்து ஒற்றைச் செருப்பு. ஓர் அலை கிடையாது.

"என்ன அமைதி! இயற்கைன்னா இயற்கைதான்யா," என்று உருகி, செங்கோடன் படம் எடுக்கப் போனார்.

"நீர்ப்பரப்புன்னு போட்டிருக்கே. நீர் எங்க?" என்றார் மருதப்பன்.

நியாயமான கேள்வி. மூவரும் தண்ணீரைத் தேடிக்கொண்டு நடந்தார்கள். அது செங்கோடன் வீட்டுக்குப் போயிருந்தது.

கூடத்தில் முழங்காலளவு தண்ணீர். நாலு சுவரும் காற்றை மறித்திருந்ததால் கண்ணாடிபோல் கிடந்தது. ஜன்னல் வழியே வானம் வந்து அதில் விழுந்திருந்தது. கட்டில்மேல் துடைப்பமும் கையுமாக நின்றாள் அவர் மனைவி ராக்காயி.

"ஏங்க, எவனோ பாவி மதகைத் தொறந்து உட்டுட்டான்!"

"சத்தம் போடாத, அலை வருது. படத்துல மனுஷங்க இருக்கக் கூடாதாம், கொஞ்சம் வெளிய போ."

துடைப்பம் பறந்து வந்தது. செங்கோடன் குனிந்தபடியே பட்டனை அமுக்கினார். அருமையான படம்.

மேசைமேல் ஏறி உட்கார்ந்து மருதப்பன் கடைசி விதியைப் படித்தார்: "காட்சியின் அழகைக் குறித்து இரண்டு வரி எழுதி இணைக்கவும்."

"எந்த ரெண்டு வரி?" என்றார் ஆபத்சகாயம்.

செங்கோடன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வீடும் இருக்கு, தண்ணியும் இருக்கு. இதுல என்னய்யா சந்தேகம்?"

பேனாவை வாங்கி, முத்து முத்தாக எழுதினார்: வீட்டு வரி, தண்ணீர் வரி.