டிவிக்கும் இனிஷியல் உண்டு

பள்ளிபாளையத்து நூல்மில் ஆபீஸில் இணையம் ஆமையாய் ஊர்ந்தது. மேனேஜர் ஞானசிகாமணி அறையை விட்டு வெளியே வந்து, கம்ப்யூட்டர் பார்க்கும் செண்பகவல்லியிடம் எகிறினார்.

"லோடுமேன் பசங்க வைஃபையில் படம் பார்க்கிறாங்க! சாயங்காலத்துக்குள்ள ஆளைப் பிடி. இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே!"

செண்பகவல்லி நிதானமாகத் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், வைஃபையில சேர்ற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் இருக்கு. அதோட முன்பாதி நம்ம இனிஷியல் மாதிரி. செஞ்ச கம்பெனி எதுன்னு காட்டிக் கொடுத்துடும். இங்க நெட்டை மொத்தமா இழுக்கிற எண் டிவி மட்டும் செய்யிற கம்பெனியோடது. அது போன் இல்ல சார், ஒரு டிவி."

மேனேஜருக்கு வியர்த்தது. "இந்த ஆபீஸ்ல ஏதும்மா டிவி?"

"நானும் பார்த்ததில்ல சார். இல்லாத டிவியைத் துண்டிச்சுட்டா யாருக்கும் நஷ்டமில்லையே?"

ஆபீஸே அவரைப் பார்த்தது. "துண்டி" என்றார், மென்று விழுங்கி.

அவள் துண்டித்த மறுநிமிடம் மேனேஜர் அறைக் கதவு படாரென்று திறந்தது. விருந்தாளியாக வந்திருந்த அவருடைய மைத்துனர் கையில் ரிமோட்டோடு ஓடி வந்தார்.

"மச்சான், கடைசி ஓவர்ல டிவி நின்னுபோச்சு! உங்க ஆபீஸ்ல எவனோ நெட்டைத் திருடுறான், கொஞ்சம் கவனிங்க!"