உலைக்கூடத்தின்மேல் எழுதிய ஈடு

முன்னொரு காலத்தில், மண்ணுக்கு மேலே விளைவதைக் குடிகளுக்கு விட்டுவிட்டு, மண்ணுக்கு அடியில் கிடப்பதெல்லாம் தனக்கே என்று சட்டம் போட்ட ராஜா ஒருவன் இருந்தான். அவன் நாட்டில் செம்பு கிடைக்கும் குன்று ஒன்று உண்டு. அந்தக் குன்றில் ஒரு சாண் இடத்துக்கு எவனாவது உரிமை கொண்டாடினால் கையை வெட்டிவிடுவார்கள். சட்டம் வந்த வருஷமே இரண்டு பேர் கையிழந்திருந்தார்கள்.

குன்றைக் குத்தகைக்கு எடுத்தவர் அரண்மனைப் பிரதானி நரசிங்கராயர். செம்பு உருக்க அங்கே ஓர் உலைக்கூடம் வேண்டும் என்றார். அங்கமுத்து என்ற கொத்தன் தன் ஆட்களோடு எட்டு மாதம் பாடுபட்டுக் கட்டி முடித்தான். கூலி கேட்டபோது, "ராஜாவின் நிலத்தில் நிற்பதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று ராயர் விரட்டிவிட்டார்.

அங்கமுத்து விகடகவி சொக்கப்பனிடம் வந்து அழுதான். சொக்கப்பனுக்கு மனசு கேட்கவில்லை. பின்விளைவை யோசிக்காமல் பத்திரச் சாவடிக்குப் போய், 'கூலி தீரும்வரை உலைக்கூடம் கொத்தனுக்கு அடமான ஈடு' என்று ஓலையில் தானே எழுதிப் பதிந்துவிட்டான்.

மறுநாள் சபையில் அந்த ஓலை ராயர் கையில் இருந்தது.

"மகாராஜா! தங்கள் குன்றின்மேல் ஈடு எழுதியிருக்கிறான் இந்த விகடன்."

சொக்கப்பன் முன்னால் ஓடிவந்தான். "பிரபு, நிலத்தின்மேல் எழுதவில்லை. கட்டடத்தின்மேல்தான் எழுதினேன்."

"கட்டடம் என்று தனியாக ஏது? தங்கள் மண்ணைச் செங்கலாக்கித் தங்கள் மண்ணிலேயே ஊன்றினான். அங்கே நிற்பது முழுவதும் குன்றுதான்!"

ராஜா சிரிக்கவில்லை. "விகடா, நாளை உச்சிப்பொழுதுக்குள் என் குன்று வேறு, அவன் கட்டடம் வேறு என்று என் கண்ணுக்குக் காட்டு. தவறினால் உன் கையும் போகும், கொத்தன் கையும் போகும்."

சாயங்காலம் சொக்கப்பன் உலைக்கூடத்துக்குள் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தான். இந்தப் பாரம் எதில் நிற்கிறது என்று அங்கமுத்துவிடம் கேட்டான்.

"தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவுல ஆப்பு அடிச்சிருக்கேன் சாமி. ரெண்டு ஆப்பு கழட்டினாலும் தாங்கும்."

"மூணாவது கழட்டினா?"

அங்கமுத்து தலையைச் சொறிந்தான். "அப்படிக் கழட்டிப் பாத்ததில்லீங்க."

மறுநாள் உச்சிவெயிலில் ராஜா குடையின்கீழ் வந்து நின்றான். சொக்கப்பன் கைகூப்பினான்.

"பிரபு, கொத்தன் தங்கள் குன்றைத் தொடமாட்டான். தான் கொண்டுவந்து வைத்ததை மட்டும் எடுத்துக்கொள்வான். பிரதானியார் சொன்னபடி எல்லாமே குன்று என்றால் ஒன்றும் அசையாது. அவர் கூரைக்குக் கீழே நடுவில் நிற்கட்டும். துணைக்கு நானும் நிற்கிறேன்."

ராஜா தலையசைத்தான். ராயர் மறுக்க முடியாமல் உள்ளே போனார்.

முதல் ஆப்பு கழன்றது. தலையில் புழுதி உதிர்ந்தது. இரண்டாவது கழன்றதும் உத்திரம் நீளமாக முனகியது. ராயரின் உதடு வெளுத்தது. சொக்கப்பனின் முதுகில் வேர்வை வழிந்தது. அங்கமுத்து மூன்றாவது தூணருகே சுத்தியலை ஓங்கியபடி தயங்கினான்.

"சாமி, வெளிய வந்துருங்க..."

சொக்கப்பன் வரமாட்டேன் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினான். முதல் அடி விழுந்தது. உத்திரம் ஒரு விரல்கடை இறங்கியது.

"ஐயோ! கட்டடம் விழுது! கட்டடம் விழுது!" என்று அலறிக்கொண்டு ராயர் வெளியே பாய்ந்தார்.

ராஜா கையுயர்த்திச் சுத்தியலை நிறுத்தினான். "எது விழுகிறது, ராயரே?"

"கட்டடம்... பிரபு."

"என் குன்று?"

ராயர் குனிந்து காலடியைப் பார்த்தார். "குன்று... இருந்தபடியே இருக்கிறது, பிரபு."

"அப்படியானால் இரண்டும் வேறுதான். ஈடு செல்லும். கொத்தனின் கூலியை இன்றே கொடும். கொடுக்கும்வரை உலைக்கூடத்துச் சாவி அவனிடம் இருக்கட்டும்."

அங்கமுத்து ஓடிப்போய் ஆப்புகளைத் திரும்ப அடித்து இறுக்கினான். சொக்கப்பன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

"வெளியே வா விகடா! உன் தைரியத்துக்குப் பரிசு தரவேண்டும்."

"தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள் பிரபு! இரண்டாவது ஆப்பிலேயே ஓடத்தான் பார்த்தேன். கால் வரவில்லை. இப்போதும் வரவில்லை. யாராவது வந்து தூக்கினால் பரிசை வாங்கிக்கொள்கிறேன்."

ராஜா குடை ஆடும்படி விழுந்து விழுந்து சிரித்தான். காவலர் இருவர் உள்ளே போய், மரக்கட்டைபோல விறைத்திருந்த விகடனைத் தூக்கிவந்தார்கள். அவர்கள் கீழே இறக்குவதற்குள்ளேயே ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டான்.